இடது பக்கத்து கிளட்ச்

தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். எண்பதுகளின் நடுவில் சேர்ந்தது. அதற்கு முன்னால் லாரி ஓட்டினேன். முதுகு போனது. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்றார் டாக்டர். லாரியும் உட்கார்ந்து செய்கிற வேலைதான். இருந்தாலும் இதில் தார்ப்பாய் கட்டுகிற வேலை இல்லை என்று சேர்ந்தேன்.

வண்டி ஒரு பழைய பியட். கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர் வலது பக்கம், நான் இடது பக்கம். என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். அடியில் கம்பி போட்டு இரண்டு பக்கத்தையும் இணைத்திருந்தது. நான் மிதித்தால் அவர் பக்கத்துப் பெடலும் கூடவே கீழே போகும். ஆபத்துக்கு என்று வைத்த ஏற்பாடு. நாங்கள் அதை எப்போதும் வைத்து ஓட்டினோம்.

கியர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடு. கிளட்ச்சை முழுசாக மிதி. கம்பியை நடுவில் ஒரு மூச்சு நிறுத்தி அடுத்த கியருக்குத் தள்ளு. கிளட்ச்சை விடு. விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் பாதியைச் சும்மா விடலாம். பிறகு ஒரு இடத்தில் வண்டி பிடிக்கும். இஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், பானெட் கொஞ்சம் தூக்கும். அந்த இடத்தில் காலை நிறுத்தத் தெரிந்தவன் டிரைவர். அதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. வண்டி ஆஃப் ஆகி, பின்னால் வருகிறவன் திட்டி, மறுபடி ஆஃப் ஆகி, காலுக்கு அதுவாகத் தெரிய வேண்டும்.

எங்கள் ஸ்கூலில் யார் காலுக்கும் அதைத் தெரிய விடவில்லை.

முதலாளி செம்பாக்கத்துக்காரர். ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு ஸ்கூல் வைத்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வருவது போவது எல்லாம் சைக்கிள். ஆனால் வண்டியைப் பற்றி அவருக்குச் சட்டம் இருந்தது. வண்டி மேல் ஸ்கூல் பெயர் எழுதிய போர்டு இருக்கிறது, அதனால் ரோட்டில் ஆஃப் ஆகக் கூடாது. கிளட்ச் பிளேட் ஒரு வருஷம் வர வேண்டும். டெஸ்டுக்குப் போகிறவர் பாஸ் ஆகித்தான் திரும்ப வேண்டும். இரும்புலியூர் பாலத்துக்கு மட்டும் வண்டியைக் கொண்டு போகவே கூடாது. மேட்டில் நிறுத்திக் கிளப்பப் பழக்கினால் பிளேட் தீய்ந்துவிடும். மீறினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னார்.

அதனால் நான்தான் ஓட்டினேன். கிளட்ச் என் கால். பிரேக் என் கால். கியர் கம்பியில் அவர்கள் கை மேல் என் கை. ஸ்டீயரிங்கில் பாதி என் கை. அவர்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்கள். அவர்கள் கால் கிளட்ச் மேல் இருக்கும், நான் மிதிக்கும்போது அதுவும் சேர்ந்து கீழே போகும், நான் விடும்போது மேலே வரும். தான் மிதித்ததாக நினைத்துக்கொள்வார்கள். நாலு பேரை ஒன்றாக ஏற்றுவோம். ஆளுக்குப் பத்து நிமிஷம். மற்ற மூன்று பேர் பின்சீட்டில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பார்கள். சாயங்காலம் கியர் கம்பியின் உருண்டையைத் தொட்டால் விரல் ஒட்டும். இருபது கை வேர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், யாரோ தின்ற பஜ்ஜி. மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன். துடைத்த கையை முகர்ந்தால் சோறு இறங்காது.

பதினைந்தாவது நாள் எல்லாருக்கும் ஓட்டத் தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்தார்கள்.

பேங்கில் வேலை செய்கிற ஒருவர் லைசென்ஸ் வாங்கி, புது கார் வாங்கி, ஒரு வாரம் கழித்து ஸ்கூலுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. உங்கள் வண்டி பழசு, ஆனால் வழுக்கிக்கொண்டு போயிற்று, என் வண்டி புதுசு, கியர் போட்டாலே ஆஃப் ஆகிறது, மெக்கானிக் இரண்டு தரம் பிரித்துப் பார்த்துவிட்டான், கோளாறு பிடிபடவில்லை என்றார். நான் என் காலைப் பார்த்தேன். முதலாளி அவரை உட்கார வைத்து டீ சொல்லி, புது வண்டி அப்படித்தான் சார், ஓட ஓடச் சரியாகும் என்றார். அவர் கடைசியில் டிரைவர் வைத்துக்கொண்டார். அவர் ஒருவர் இல்லை. மாதத்துக்கு ஒருவராவது வந்து தன் வண்டியைத் திட்டுவார்கள். தன் காலைச் சந்தேகப்பட்டவர் ஒருத்தரும் இல்லை. தாம்பரத்தில் இருந்து பம்மல் வரைக்கும் என் காலால் லைசென்ஸ் வாங்கியவர்கள் இருந்தார்கள். ரோட்டில் எதிரே ஓட்டிக்கொண்டு வந்தால் நான் கடைப் படி ஏறி நின்றுகொள்வேன்.

அந்த வேலை எனக்கு அருவருப்பாக இருந்தது. விடவும் இல்லை.

அந்த அம்மா வந்தது ஒரு கார்த்திகை மாசம். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். வயசு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு வந்து விற்கிறவர். பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கி, பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதில் கூடைகளை ஏற்றிக்கொண்டு வருவார். சட்டப்படி சரியில்லை. கேட்கவும் ஆள் இல்லை. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் இருந்தான். அவன் வருகிற நேரம் அவனுக்கே தெரியாது. ஏழு மணிக்குப் போட வேண்டிய மீன் ஒன்பது மணிக்குப் போகும். மார்க்கெட் பொம்பளைகள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். அவனும் தையோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். வேறு டிரைவர் கிடைக்கவில்லை. மீன் வண்டி என்றால் ஒருத்தனும் வரவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். அதனால் தானே ஓட்டுவது என்று முடிவு பண்ணி வந்திருந்தார்.

முதல் நாள் மற்ற மூன்று பேரோடு ஏற்றினேன். விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். புடவையில் மீன் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒருவர் கர்சீப்பை மூக்கில் வைத்தார். இன்னொருவர் செலையூர் வரைக்கும் தலையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் குமட்டியது. மறைக்க என்ன இருக்கிறது. மறுநாள் மூன்று பேரும் முதலாளியிடம் போய் அந்த அம்மாவோடு ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி அவரைத் தனியாக மத்தியானம் ஒரு மணிக்கு மாற்றினார். கையில் வாங்கியதைத் திருப்பித் தர மனசு இல்லை. அந்த நேரத்தில் வெயிலுக்குப் பயந்து யாரும் வருவதில்லை. அப்படித்தான் எல்லாருக்கும் பத்து நிமிஷம் கிடைத்த வண்டி, அவர் ஒருவருக்கு மட்டும் முழு அரை மணி நேரம் கிடைத்தது.

செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, வேளச்சேரி ரோட்டில் போகும்போது கிளட்ச்சில் இருந்து காலை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். நான் பழக்கத்தில் மிதித்து செகண்டில் இருந்து தேர்டு மாற்றினேன். அவர் குனிந்து தன் பெடலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டச் சொல்வார் என்று நினைத்தேன். அவரே பிரேக் போட்டு நிறுத்தினார்.

"இன்னா தம்பி, என் காலு இங்க கீது. அது தானா கீய போவுது, தானா மேல வருது. பேய் கீய் குந்திகினு கீதா உள்ள?"

நான் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

"நாலு நாளா யாரு ஓட்றது, நீயா நானா?"

"நான்தான்" என்றேன்.

திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவங்க யாரும் குனிஞ்சு பாக்கலியா என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார். வெற்றிலைக் கறைப் பல். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு வேண்டியது இரும்புலியூர் பாலம். வண்டலூரில் இருந்து பெருங்களத்தூர் தாண்டி தாம்பரம் வருகிறவர்கள் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். ரயில் மேல் போகிற பாலம். அப்போது குறுகல். காலையில் லாரியும் பஸ்ஸும் மேட்டிலேயே வரிசையாக நின்றுவிடும். நாலு அடி நகரும், நிற்கும். மறுபடி நாலு அடி. மேட்டில் நின்ற வண்டியைப் பின்னால் போகாமல் கிளப்ப வேண்டும். பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அவருடைய அம்பாசிடரில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. கால் ஒன்றுதான் கதி.

"எட்டு போடறதுக்கா உங்கையில வந்தேன். எட்டு போட்டு நான் எங்க போவப் போறேன். அந்தப் பாலத்துல நின்னுட்டுக் கெளப்பணும். அத்த சொல்லிக் குடு, போதும்."

பாலத்துக்குப் போகக் கூடாது என்று முதலாளி சொல்லியிருப்பதைச் சொன்னேன். சரி, காலையாவது எடு என்றார்.

எடுத்தேன். இரண்டு காலையும் மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார். ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி குதித்து நின்றது. சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். போர்டில் ஸ்கூல் பெயர் பெரிசாக இருந்தது.

மாடம்பாக்கம் பக்கம் ஏரிக்கரைக்கு ஏறுகிற ஒரு சின்ன மேடு உண்டு. மத்தியானத்தில் மாடுதான் நிற்கும். தினம் அங்கே கூட்டிப் போனேன். மேட்டு நடுவில் நிறுத்தச் சொல்வேன். பிரேக்கில் வலது கால். கிளட்ச்சை அது பிடிக்கிற இடம் வரைக்கும் விடு. சத்தம் இறங்குகிறதா, பானெட் தூக்குகிறதா, அங்கேயே நிறுத்து. இப்போது பிரேக்கை விடு. வண்டி எங்கேயும் போகாது. ஆக்ஸிலேட்டர் கொடு. மீதியை விடு. இவ்வளவுதான் நான் சொல்வது. பத்து தரம் பின்னால் போகும், பத்து தரம் ஆஃப் ஆகும். ஒருநாள் பின் சக்கரம் கரையை விட்டு இறங்கி எருக்கஞ்செடியில் நின்றது. பிரேக் என் காலடியிலேயே இருந்தது. மிதிக்கவில்லை. அதை மட்டும் இன்றைக்கும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள முடியும்.

ஒன்பதாவது நாளோ என்னவோ, வண்டி மேட்டில் நின்றது. பிரேக்கிலும் கால் இல்லை. கிளட்ச்சைப் பாதியில் வைத்து, அப்படியே நிறுத்திக் காட்டினார். வண்டி லேசாக நடுங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டே, "வலைய இழுத்துப் புடிக்கறாப்புல கீது" என்றார். எனக்கு வலை தெரியாது. ஆனால் தெரிந்துகொண்டார் என்று தெரிந்தது.

கிளட்ச் தீய்கிற வாடை வந்துகொண்டே இருந்தது. வண்டியை ஸ்கூலில் விடும்போதும் வரும். முதலாளி வெளியே வந்து மூக்கைச் சுளிப்பார். மீன்காரி ஏறி வண்டியே நாறிப்போச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கிட்டே வந்து மோந்து பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை. பிளேட் வாடைக்கும் மீன் வாடைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். நானும் ஆமாம் என்பேன்.

ஒருநாள் காலையில், பின்சீட்டில் மூன்று பேர் இருக்கும்போது, வண்டி இழுக்கவில்லை. இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பிளேட் போய்விட்டது. ஏழு மாசம்கூட ஆகவில்லை. மெக்கானிக் கழற்றிக் காட்டினான். கருகிப்போய் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"தேஞ்சு போச்சுண்ணா."

"மீன்காரிதானே?"

நான் தலையை ஆட்டினேன். மேட்டுக்குக் கூட்டிப் போனது நான், காலை எடுத்தது நான் என்று சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் முன்னாலேயே அந்த அம்மாவைப் பற்றி அவர் வாய்க்கு வந்ததைப் பேசினார். ஜாதியைச் சொல்லிப் பேசினார். அவர்களும் சிரித்தார்கள். நான் கியர் கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அதோடு அவருக்குக் கிளாஸ் முடிந்தது. இனி டெஸ்டுக்கு மட்டும் வரச் சொல், பாஸ் பண்ணி அனுப்பிவிடு, அதற்குள் அந்தப் பொம்பளை வண்டியைத் தொடக் கூடாது என்றார் முதலாளி. பாலத்துக்கு ஒருநாள்கூடப் போகவில்லை.

டெஸ்ட் ஒரு மைதானத்தில் நடக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் லிஸ்டோடு உட்காருவார். எங்கள் ஸ்கூல் ஆள் டெஸ்ட் கொடுத்தால் நான் பக்கத்தில் இருப்பேன். அது வழக்கம். பின்னால் இருக்கிற அவருக்கு என் கால் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்க மாட்டார். அன்றைக்கு எங்கள் ஆள்கள் மூன்று பேர். முதல் இரண்டு பேரை என் கால் பாஸ் பண்ணியது. இறங்கிப் போகும்போது ஒருவர், இன்ஸ்பெக்டருக்கு என் கியர் சேஞ்ச் பிடித்துவிட்டது போல இருக்கு மாஸ்டர் என்றார்.

மூன்றாவது அந்த அம்மா. குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஏறுவதற்கு முன்னால் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"காலை மடக்கி வச்சிக்கோ. நானே போறேன். ஃபெயிலானா ஆவட்டும், அடுத்த மாசம் வர்றேன்."

மடக்கி வைத்தேன்.

நன்றாகக் கிளப்பினார். எட்டு போட்டார். மெதுவாகப் போனார், ஆனால் சக்கரம் கோட்டைத் தொடவில்லை. ஃபர்ஸ்டில் இருந்து செகண்ட் மாற்றும்போது இஞ்சினில் ஒரு சத்தமும் இல்லை. அந்த பியட்டில் வேறு ஒருவர் கால் அப்படி மாற்றி நான் பார்த்ததில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். கியர் போட்டு, கிளட்ச்சை விட்டுக்கொண்டே வந்தார். புது பிளேட். பிடிக்கிற இடம் மாறியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. வண்டி ஒரு உதறு உதறியது. அவர் கால் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி விட்டிருந்தால் பிடித்திருப்பார். அல்லது ஆஃப் ஆகியிருக்கும்.

என் கால் போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போய் மிதித்து, அதுவாக விட்டது. வண்டி பாலில் மிதக்கிற ஆடை மாதிரி பின்னால் போனது.

இன்ஸ்பெக்டர் பேப்பரில் எழுதிக்கொண்டே, "மாஸ்டர், பொம்பளைக்குக்கூட நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார்.

அந்த அம்மா முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனதும் தானும் இறங்கினார். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். என் பக்கம் சுற்றி வந்து, ஜன்னல் ஓரம் தரையில் துப்பினார். வெற்றிலைச் சாறு இல்லை, வெறும் எச்சில்.

"நான் கேட்டனா?" என்றார்.

"இல்லக்கா."

"என்னால முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியணும்னு இருந்தேன். அத்த எடுத்துக்கினியே."

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். லைசென்ஸைப் பிறகு வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. டெஸ்டுக்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு என் இடது காலைக் கண்டால் பிடிக்கவில்லை. குளிக்கும்போது தேய்ப்பேன், பார்க்க மாட்டேன்.

பொங்கல் கழிந்தது. அவருடைய டிரைவர் நின்றுவிட்டான். மார்க்கெட்டில் ஒரு பூக்காரி மூலமாகச் சொல்லி அனுப்பினார். நாளைக் காலையில் முதல் தரம் தானே கொண்டு வருகிறாராம், நான் வந்து பக்கத்தில் உட்கார வேண்டுமாம். உட்கார மட்டும்.

இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே முதல் பஸ் பிடித்து, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் போனேன். கூடைகள் ஏற்றியாகிவிட்டது. சங்கரா, காரப்பொடி, மேலே ஐஸ், ஐஸுக்கு மேல் சாக்கு. கூடி நின்ற ஆம்பளைகள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், பெரீம்மா, மீன் தாம்பரம் போவுதா இல்ல திரும்பக் கடலுக்கே போவுதா என்று கேட்டான். நீ வந்து முன்னால படுத்துக்கோ, எங்க போவுதுன்னு தெரியும் என்றார் அவர். சிரித்தார்கள்.

நான் இடது பக்கம் ஏறினேன். என் காலடியில் ஒன்றும் இல்லை. வெறும் தகரம். அதில் ஐஸ் தண்ணீர் வழிந்து வந்து தேங்கியிருந்தது. கால் விரல் நனைந்தது. மீன் சாறும் அதில்தான். நான் காலை எடுக்கவில்லை. எடுத்து வைக்க இடமும் இல்லை.

கிளப்பினார். மணலில் இருந்து செகண்டில் இழுத்து ரோட்டுக்கு ஏற்றினார். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை அது. தானாகக் கண்டுபிடித்திருக்கிறார், டிரைவர் இல்லாத நாளில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அம்பாசிடரின் கிளட்ச் பாரம். முட்டி தெரிய மிதித்தார். கியர் மாறும்போது ஒரு சின்ன கர் வரும், ஆனால் விழும். கேளம்பாக்கம் தாண்டி, மாம்பாக்கம் தாண்டி, ரோடு காலியாக இருந்தது. மாடு வந்தால் தேர்டுக்கு இறக்கினார். போனதும் டாப் போட்டார். சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் என் கால் சும்மா இல்லை. அவர் கம்பியில் கை வைத்தாலே என் இடது கால் தகரத்தை மிதித்தது. தண்ணீர் சளக் என்றது. எதிரே பஸ் வந்தால் வலது கால் மிதித்தது. சளக். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திப் பார்த்தேன். அடுத்த கியருக்கு மறுபடி சளக். வண்டலூரில் திரும்பி பெரிய ரோட்டுக்கு வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். காலைப் பார்த்தார். பெருங்களத்தூர் வரைக்கும் பொறுத்துக்கொண்டார்.

தூரத்தில் பாலம் தெரிந்தது. மேட்டில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவர் ஓரம் கட்டி நிறுத்தினார்.

"எறங்கு."

"பாலம் தாண்டி எறங்கறேன்க்கா."

"வோணாம். உன் காலு சத்தம் கேட்டா என் காலு உன்னிய பாக்குது. எறங்கு தம்பி."

இறங்கினேன். கதவைச் சாத்தக்கூட விடவில்லை, தானே எட்டி இழுத்துச் சாத்திக்கொண்டார்.

பாலத்து மேட்டுக்குக் கீழே, ரோட்டோரமாக நின்று பார்த்தேன். அம்பாசிடர் வரிசையில் சேர்ந்தது. மேட்டில் பாதி ஏறி நின்றது. பின்னால் ஒரு செங்கல் லாரி வந்து ஒட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்திருக்கும். முன்னால் பஸ் நகர்ந்தது. அம்பாசிடர் நகரவில்லை. ஆஃப் ஆகிவிட்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். வண்டி பின்னால் வந்தது. நான் மேட்டுக்குக் கீழே, மண்ணில், இடது காலை அழுத்திக்கொண்டு நின்றேன். லாரிக் க்ளீனர் குதித்து இறங்கி, கையில் கட்டையோடு ஓடி வந்து, சக்கரத்துக்குக் கீழே வைக்கப் போனான். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவனைத் தள்ளிப் போகச் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவன் தள்ளிப் போனான்.

பிறகு வண்டியின் முன்பக்கம் ஒரு விரல் அளவு தூக்கியது. அப்படியே நின்றது. பிரேக் விளக்கு அணைந்தது. வண்டி பின்னால் போகவில்லை. முன்னாலும் போகவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. லாரிக்காரன்கூட ஹாரனை நிறுத்திவிட்டான். பிறகு மேலே போனது. நாலு அடி போய் நின்றது. மறுபடி அதே மாதிரி தூக்கி, நின்று, போனது. மூன்று தரம் பார்த்தேன். உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைந்துவிட்டது.

நான் அதே பாலத்தின் மேல் நடந்து தாம்பரம் வந்தேன். மார்க்கெட் பக்கம் போகவில்லை. அவருக்கு நான் தேவைப்படவில்லை, எனக்கும் முகம் காட்டப் பிடிக்கவில்லை. ஸ்கூல் திறக்கிற வரைக்கும் ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்திருந்தேன். காலில் மீன் சாறு காய்ந்து பிசுபிசுத்தது. ஸ்கூல் பைப்பில் கழுவினேன். முதலாளி உள்ளே இருந்து என்ன நாற்றம் என்று கேட்டார். ஒன்றும் இல்லைண்ணா என்றேன்.

பத்து மணிக்கு ஒரு புது ஆள் வந்திருந்தார். முதல் நாள். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டினேன். காலை வைக்கச் சொன்னேன். வைத்தார். என் கால் மிதித்தது, கை கியர் போட்டது, கால் விட்டது. வண்டி ஒரு அசைவும் இல்லாமல் கிளம்பி ரோட்டில் சேர்ந்தது. கேம்ப் ரோடு வருவதற்குள் டாப் கியரில் போய்க்கொண்டிருந்தோம்.

"நான் ரொம்ப பயந்துட்டு வந்தேன் மாஸ்டர். ஈஸியாத்தான் இருக்கு" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.